தர்மசங்கடம் என்னும் சொல்லிலிருந்து: குடிமைப் பணியின் அறச்சிக்கல்களுக்கு ஓர் அறிமுகம்

உறவினர் வீட்டுத் திருமணமும் நண்பர் வீட்டுத் திருமணமும் ஒரே முகூர்த்தத்தில் வந்துவிட்டால் 'தர்மசங்கடமாகிவிட்டது' என்கிறோம். பேச்சு வழக்கில் வெறும் கூச்சம் என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்ட இந்தச் சொல்லின் மூலப்பொருள் கனமானது. சங்கடம் என்பதற்கு வடமொழியில் குறுகலான இடம், நெருக்கடி என்று பொருள். ஒரு கடமையை நிறைவேற்றினால் இன்னொரு கடமை கட்டாயம் மீறப்படும் என்ற நிலையில், அறம் இரு புறமும் நெருக்கப்பட்டு நிற்கும் இடுக்கே தர்மசங்கடம். குடிமைப் பணி பற்றிய பாடநூல்கள் அறச்சிக்கல் என்றும் நெறிசார் இக்கட்டு என்றும் குறிப்பிடுவது இதைத்தான். இரண்டு திருமணங்களில் ஒன்றுக்குப் போகாமல் விட்டால் ஒரு மனத்தாங்கலோடு முடிந்துவிடும். அரசு அலுவலர் ஒருவரின் தர்மசங்கடத்தில், அவர் முன்பின் பார்த்திராத மனிதர்களின் வீடும் வாக்கும் ஓய்வூதியமும் அகப்பட்டுக்கொள்கின்றன.

தொடங்குமுன் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். சாலை ஒப்பந்தக்காரர் ஒருவர், தரம் குறைந்த பணிக்கான பட்டியலில் கையெழுத்திடும்படி கேட்டுப் பொறியாளரிடம் ஓர் உறையை நீட்டுகிறார். பொறியாளருக்கு மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்ட வேண்டியிருக்கிறது. அவர் மனம் அலைபாயலாம், இரவில் தூக்கம் வராமலும் போகலாம். ஆயினும் இது அறச்சிக்கல் அல்ல, சபலம். எது சரி என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் அந்த உறையைப் பற்றி ஐயத்துக்கு இடம் வைக்கவும் இல்லை. ஒரு பக்கம் சரி, மறுபக்கம் தவறு என்று இருந்தால் அங்கே தேவைப்படுவது துணிவு. இரண்டு பக்கமும் சரியாக இருந்தால்தான் தீர்ப்புத்திறன் தேவைப்படுகிறது. சபலத்துக்குச் சிக்கல் என்று பெயர் சூட்டுவது அதற்குத் தகுதியில்லாத ஒரு கண்ணியத்தைக் கொடுத்துவிடுகிறது. இக்கட்டில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லிக்கொள்பவர்களில் கணிசமானவர்கள் அந்தக் கண்ணியத்துக்காகவே அப்படிச் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம்.

உண்மையான இக்கட்டு எப்படி இருக்கும் என்பதற்குக் கற்பனையான ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஓர் ஏரி. அதன் கரையோர நீர்நிலைப் புறம்போக்கில் முப்பது ஆண்டுகளாக இருநூறு குடும்பங்கள் குடியிருக்கின்றன. அவர்களுக்கு மின் இணைப்பு கொடுத்தது அரசு. வீட்டுவரி வசூலித்தது உள்ளாட்சி. குடும்ப அட்டையில் அச்சாகியிருப்பதும் அந்த முகவரியே. இப்போது ஆக்கிரமிப்பை அகற்றும்படி நீதிமன்றம் கெடு விதித்திருக்கிறது. ஏரி குளங்களைக் காக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தமிழ்நாடு 2007ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றியிருக்கிறது. நீர்வழிகள் அடைபட்டால் ஒரு நகரம் என்ன பாடுபடும் என்பதை 2015 டிசம்பரில் சென்னை கண்டது. ஆகவே, ஏரியை மீட்பது மாவட்ட ஆட்சியரின் கடமை என்பதில் தயக்கத்துக்கு இடமில்லை. ஆனால், வாழ்வாதாரம் என்பது அரசமைப்பின் 21ஆவது உறுப்பு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1985இல், பம்பாயின் நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில் கூறியிருக்கிறது. பொது இடத்தை ஆக்கிரமிக்க உரிமை இல்லை என்பதையும் அதே தீர்ப்பு சொல்லியது. அகற்றும் முன் அவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது. மழைக்காலம் முடியும்வரை கைவைக்க வேண்டாம் என்றும் சேர்த்தது. ஆட்சியரின் மேசையில் இப்போது வெள்ள அபாயத்தில் உள்ள தாழ்வான பகுதி மக்களின் பாதுகாப்பு, கரையோரக் குடும்பங்களின் கூரை, நீதிமன்ற ஆணைக்குக் கீழ்ப்படிதல், அரசே இத்தனை ஆண்டுகள் கண்டும் காணாமல் இருந்ததன் பொறுப்பு ஆகிய நான்கும் இருக்கின்றன. இவற்றில் எதையும் தவறு என்று ஒதுக்கிவிட முடியாது.

விளைவை வைத்து அறத்தை அளக்கும் பெந்தாம் வழிவந்தவர்கள், எத்தனை பேருக்கு எவ்வளவு நன்மை என்று கணக்கிட்டு ஏரியின் பக்கம் சாய்வார்கள். மனிதரை வெறும் கருவியாகப் பயன்படுத்தலாகாது என்ற காண்ட் வழிவந்தவர்கள், கணக்கில் சிறுபான்மையாகிவிட்ட அந்த இருநூறு குடும்பங்களுக்கு அரசு என்ன வாக்களித்தது என்று கேட்பார்கள். அரிஸ்டாட்டில் வழியில் சிந்திப்பவர்களோ, நிதானமும் நேர்மையும் உள்ள ஓர் ஆட்சியர் இந்த இடத்தில் எப்படி நடந்துகொள்வார் என்பதைப் பார்ப்பார்கள். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் இந்த மூன்றையும் தனித்தனிக் கட்சிகளைப் போல மனப்பாடம் செய்வதைப் பார்க்கிறேன். நடைமுறையில் இவை ஒரே அலுவலர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளும் மூன்று கேள்விகள். மூன்றில் ஒன்றைக் கேட்க மறந்துவிட்டால் முடிவில் அந்த ஓட்டை தெரிந்துவிடும்.

இக்கட்டுக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. எந்த முடிவை எடுத்தாலும், எடுக்காத முடிவின் நியாயம் அழிந்துபோவதில்லை. அது ஒரு கடனாக எஞ்சி நிற்கிறது. வீடுகளை அகற்றுவதே சரி என்று முடிவானால், மாற்றுக் குடியிருப்பு, அங்கிருந்து பள்ளிக்கும் வேலைக்கும் போகப் பேருந்து, பொதுத்தேர்வு நெருங்கும் மாதத்தைத் தவிர்த்தல் போன்றவை கருணையின்பேரில் தரும் சலுகைகள் அல்ல, அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்தும் வழிகள். சபலத்தை வென்றவருக்கு இப்படி எதுவும் எஞ்சுவதில்லை. உறையைத் திருப்பிக் கொடுத்த பொறியாளர் யாருக்கும் கடன்பட்டவர் அல்லர்.

இனி, வழிகாட்டும் விழுமியங்களுக்கு வருவோம். சிபாரிசில் வேலை கொடுப்பதை ஒழித்துத் திறமையின் அடிப்படையில் ஆள் எடுக்க வேண்டும் என்று பிரிட்டனில் 1854இல் நார்த்கோட், டிரெவெல்யன் ஆகியோரின் அறிக்கை பரிந்துரைத்தது. ஆட்சி மாறினாலும் மாறாத, கட்சி சாராத பணி என்ற கருத்துக்கு அது ஒரு தொடக்கம். அதே பிரிட்டனில் 1995இல் நோலன் குழு, தன்னலமின்மை, நேர்மை, புறவயநோக்கு (விருப்பு வெறுப்பின்றி முடிவெடுத்தல்), பொறுப்புடைமை, வெளிப்படைத்தன்மை, உண்மையுடைமை, தலைமைப்பண்பு என ஏழு நெறிகளை வகுத்தது. இந்தியாவில் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போன்ற அகில இந்தியப் பணியினருக்கு 1968ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் உள்ளன. 2014இல் செய்யப்பட்ட திருத்தம் அரசியல் நடுநிலை, பாரபட்சமின்மை, வெளிப்படைத்தன்மை, நலிந்த பிரிவினரிடம் அக்கறை, பொதுமக்களிடம் கனிவு ஆகியவற்றை வெளிப்படையாகவே அந்த விதிகளில் எழுதிவைத்தது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் தனியே இருக்கின்றன. மத்தியக் குடிமைப் பணித் தேர்வில் 2013ஆம் ஆண்டு முதல் அறநெறிக்கென்றே 250 மதிப்பெண்களுக்கு ஒரு தாள் சேர்க்கப்பட்டதும் இந்தச் சொற்கள் பயிற்சி மையங்கள்தோறும் புழங்கத் தொடங்கின.

பட்டியல்களில் இந்த விழுமியங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைதியாக இருக்கின்றன. ஒரு கோப்புக்குள் வந்ததும் மோதிக்கொள்கின்றன. அவற்றுள் அடிக்கடி மோதிக்கொள்பவை புறவயநோக்கும் பரிவும்தாம். முதியோர் ஓய்வூதியம் கேட்டு ஒரு மூதாட்டி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வருகிறார் என்று கொள்வோம். பார்த்தாலே வயது தெரிகிறது. ஆனால் வயதை நிரூபிக்கும் சான்று எதுவும் அவரிடம் இல்லை. விதியைக் கறாராகப் பிடிப்பவர் திருப்பி அனுப்புவார். இளகிய மனம் கொண்டவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுவார். இருவருமே ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவில்லை என்று சொல்வேன். குறிப்பிட்ட வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது தகுதி. பிறப்புச் சான்று அதை மெய்ப்பிக்கும் வழிகளில் ஒன்று. தகுதியைத் தளர்த்த அலுவலருக்கு அதிகாரம் இல்லை. அதைத் தளர்த்தினால் வரிசையில் நிற்கும் இன்னொருவருக்கு அநீதி நேர்கிறது. மெய்ப்பிக்கும் வழியிலோ, விதிகளுக்குள்ளேயே பெரும்பாலும் இடம் இருக்கும்: மருத்துவரின் வயது மதிப்பீடு, வாக்காளர் பட்டியலில் உள்ள பழைய பதிவு, மூத்த மகனின் பள்ளிச் சான்றிதழிலிருந்து கணிப்பது போன்றவை. எந்த வழியை ஏன் ஏற்றுக்கொண்டேன் என்று கோப்பில் நான்கு வரி எழுதி, அதே நிலையில் நாளை வரும் எவருக்கும் அதையே செய்ய முடிந்தால், அங்கே பரிவும் புறவயநோக்கும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எழுத முடியாத பரிவு சலுகையாகிவிடும். அடுத்து வருபவருக்கு அது கிடைக்குமா என்பது அலுவலரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

ஆனால் தகுதியையும் சான்றையும் பிரிக்கவே முடியாத இடங்களும் உண்டு. அதற்கு இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலே சான்று. முதல் தலைமைத் தேர்தல் ஆணையராக 1950இல் பொறுப்பேற்ற சுகுமார் சென், இந்தியக் குடிமைப் பணியிலிருந்து வந்தவர். பதினேழு கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்களின் பெயர்களை முதன்முறையாகத் திரட்டியபோது, வட மாநிலங்கள் பலவற்றில் பெண்கள் தங்கள் பெயரை அந்நிய ஆண்களிடம் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் பதிவு செய்துகொண்டார்கள். அவர்கள் வாக்களிக்கத் தகுதி உள்ளவர்கள் என்பதில் ஐயமில்லை. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்பது அரசமைப்பின் உறுதி. ஆனால் பெயரில்லாத வாக்காளரை அடையாளம் காண்பது எப்படி? ஒருவர் வாக்கை இன்னொருவர் போட்டால் தடுப்பது எப்படி? அதற்கும் மேலாக, ஒரு பெண்ணைக் குடிமகளாகப் பதிவு செய்யும் ஏட்டில் அவளுக்கென்று ஒரு பெயர்கூட இல்லாமல் விடலாமா? பெயரைக் கேட்டுப் பெறுங்கள், தராவிட்டால் அந்தப் பதிவை நீக்குங்கள் என்று ஆணையம் உத்தரவிட்டது. சுமார் 8 கோடிப் பெண் வாக்காளர்களில் ஏறக்குறைய 28 லட்சம் பேர் அதனால் பட்டியலுக்கு வெளியே போனார்கள்.

இந்த முடிவு சரிதானா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த 28 லட்சம் பேரும் செய்த குற்றம் எதுவும் இல்லை. ஊர் வழக்கம் அவர்கள் நாவைக் கட்டியிருந்தது. அதற்கான விலையைச் சுமத்துவதற்கு அவர்களே கிடைத்தார்களா என்ற கேள்வி நியாயமானது. மறுபுறம், முதல் தேர்தலிலேயே பெயரில்லாப் பதிவுகளை ஏற்றிருந்தால் அதுவே முன்னுதாரணமாகி, அடுத்தடுத்த பட்டியல்களிலும் பெண்கள் எவரெவருடைய நிழலாகவோ தொடர்ந்திருக்கக்கூடும். விழுமியங்களைப் படிப்பவர் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த எண்ணிக்கை இன்று நமக்குத் தெரிகிறது என்றால், ஆணையம் தன்னுடைய அறிக்கையிலேயே அதைப் பதிந்ததுதான் காரணம். விட்டுப்போனவர்களின் கணக்கை விட்டவர்களே எழுதிவைத்தார்கள். நிலைமையை அடுத்த பட்டியல் தயாரிப்பில் சரிசெய்ய வேண்டும் என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்தே இருந்தது. மேலே சொன்ன எஞ்சிய கடனை ஏட்டில் ஏற்றுவது என்பது இப்படித்தான் இருக்கும்.

அடுத்து, எல்லோரும் கேட்கும் கேள்வி: மேலிடம் தவறான ஒன்றைச் செய்யச் சொன்னால் என்ன செய்வது? மக்களாட்சியில் முடிவெடுக்கும் உரிமை தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு உரியது. தமக்குப் பிடிக்காத கொள்கை என்பதற்காக ஒரு செயலாளர் அதைத் தடம்புரளச் செய்தால், வாக்காளர்களின் தீர்ப்பை அவர் தனியொருவராக மாற்றி எழுதுகிறார் என்று பொருள். அதே சமயம், கொள்கை எங்கே முடிகிறது, முறைகேடு எங்கே தொடங்குகிறது என்பதை அமைச்சருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியவரும் அதே செயலாளர்தான். 1949 அக்டோபர் 10 அன்று அரசியல் நிர்ணய மன்றத்தில் அகில இந்தியப் பணிகளுக்காக வாதாடிய வல்லபபாய் படேல், தம் கருத்துக்கு மாறான குறிப்பைத் தம்முடைய செயலாளர் எழுத முடியும் என்றும், அந்த உரிமையைத் தம்முடைய எல்லாச் செயலாளர்களுக்கும் கொடுத்திருப்பதாகவும் குறிப்பிட்டார். மனத்தில் பட்டதைச் சொல்லும் சுதந்திரம் உள்ள பணி இல்லாவிட்டால் நாடு ஒன்றுபட்டிருக்காது என்பது அவருடைய வாதம். குடிமைப் பணியினரை விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்வதைத் தடுக்கும் 311ஆவது உறுப்பின் பின்னணியையும் அதோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். அலுவலர் சொகுசாக இருப்பதற்காக அந்தப் பாதுகாப்பு தரப்படவில்லை. மாறுபட்ட குறிப்பை எழுதியவர் மறுநாளும் வேலையில் இருப்பதற்காகத் தரப்பட்டது. பணிநீக்கத்திலிருந்துதான் அது காக்கும், இடமாற்றத்திலிருந்து காக்காது என்பது வேறு கதை.

குறிப்பு எழுதப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதை 1957ஆம் ஆண்டின் முந்த்ரா விவகாரம் காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் உருவாகியிருந்த ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை, தன்னுடைய முதலீட்டுக் குழுவைக் கலக்காமலேயே, ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு வாங்கியது. நாடாளுமன்றத்தில் பெரோஸ் காந்தி அதைக் கிளப்பினார். நீதிபதி சாக்ளா நடத்திய பொது விசாரணையில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் நிதித்துறையின் முதன்மைச் செயலாளர் எச்.எம். படேலும் தத்தம் நினைவிலிருந்து பேச வேண்டியிருந்தது. அமைச்சர் ஒப்புதல் தந்தாரா, தந்தது ஒப்புதல்தானா, அல்லது பேச்சுவாக்கில் தலையசைத்தாரா என்பதை நிறுவ எழுத்து எதுவும் இல்லை. செயலாளரின் செயலுக்கு அமைச்சரே நாடாளுமன்றத்தில் பொறுப்பேற்க வேண்டும் என்று சாக்ளா முடிவு கூறினார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அந்த எச்.எம். படேலே 1977இல் நாட்டின் நிதியமைச்சராக வந்தார் என்பது வரலாற்றின் சுவையான திருப்பம்.

இந்த அனுபவங்களின் சாரம் விதிகளிலும் ஏறியிருக்கிறது. மேலதிகாரியின் உத்தரவு பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாகத் தர நேர்ந்தால் பின்னர் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். அப்படி உறுதிசெய்யக் கேட்டுப் பெறுவது கீழுள்ள அலுவலரின் கடமை என்று 1968ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. விதி ஏட்டில் இருந்தும் தொலைபேசியே ஆட்சி செய்ததால்தான், முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலரும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். வாய்மொழி ஆணைகளைப் பதிவு செய்ய வேண்டும், பதிவு இல்லாவிட்டால் பொறுப்புடைமைக்கும் தகவல் அறியும் உரிமைக்கும் பொருளே இல்லை என்று 2013 அக்டோபர் 31 அன்று நீதிமன்றம் சொன்னது. புதிதாகப் பணியில் சேர்ந்தவருக்கு இதன் நடைமுறைப் பொருள் எளிது. "நீங்கள் தொலைபேசியில் அறிவுறுத்தியபடி இதைச் செய்ய உத்தேசித்திருக்கிறேன்; இந்த விதியோடு இது முரண்படுவதாகத் தோன்றுகிறது; ஆணையை எழுத்தில் உறுதிசெய்யக் கோருகிறேன்" என்று பணிவான மூன்று வரிகளை அனுப்பினாலே, முறைகேடான உத்தரவுகள் பல சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடும். திரும்பிப் போகாதவையும் உண்டு. அவற்றுக்குத்தான் உண்மையில் துணிவு தேவை, அதற்குரிய விலையும் உண்டு.

எழுதிவைப்பதைப் பற்றிச் சொல்லும்போது அதன் எதிர்முனையில் உள்ள நோயையும் சொல்லியாக வேண்டும். கையெழுத்திட்டால் என்றாவது ஒரு நாள் தணிக்கை ஆட்சேபணை வரும், விசாரணை வரும், ஓய்வு பெற்ற பின்னும் வழக்கு துரத்தும் என்ற அச்சத்தில் எந்த முடிவும் எடுக்காமல் கோப்பைச் சுற்றுக்கு விடுவதே அந்த நோய். சட்டத்துறையின் கருத்து, நிதித்துறையின் இசைவு, பிறகு ஒரு விளக்கம், விளக்கத்துக்கு ஒரு தெளிவுரை என்று கோப்பு ஊர்வலம் போகும். இதில் யாருமே லஞ்சம் வாங்கவில்லை; மருத்துவமனைக்கு மட்டும் கருவி வந்து சேராது. இந்த அச்சம் முழுவதும் ஆதாரமற்றது என்றும் சொல்ல முடியாது. பொதுநலன் எதுவும் இல்லாமல் ஒருவருக்கு ஆதாயம் கிடைக்கச் செய்தாலே குற்றம், அலுவலருக்கு அதில் காலணா கிடைத்திருக்க வேண்டியதில்லை என்ற பொருளில் ஒரு பிரிவு ஊழல் தடுப்புச் சட்டத்தில் நெடுநாள் இருந்தது. நேர்மையான பிழையையும் ஊழலையும் அது ஒன்றாக்குகிறது என்ற குறை எழுந்து, 2018ஆம் ஆண்டின் திருத்தத்தில் அது நீக்கப்பட்டது. பிரிவு போனாலும் பழக்கம் போகவில்லை. அறநெறி வகுப்புகளில் செய்த தவறுகளைப் பற்றிப் பேசும் அளவுக்குச் செய்யாமல் விட்டவற்றைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

சொந்த நலனும் பொதுக்கடமையும் மோதுகிற நலன் முரண் என்னும் கருத்தைத் தமிழர்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் எடுக்க விதிகளை வகுத்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக்கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை, மாமன் மக்கள் என்று நீளும் உறவுப் பட்டியலையே கல்லில் வெட்டி, அவர்களையும் விலக்கியது. கணக்குக் காட்டாதவரின் மச்சான் வந்து உட்கார்ந்தால் பழைய கணக்கு கேட்கப்படாது என்பது அந்தச் சபையோருக்குத் தெரிந்திருக்கிறது. உறவுக்காக ஒருவரை மொத்தமாக விலக்குவது இன்றைய சமத்துவக் கொள்கைக்குப் பொருந்தாது. இன்றைய நடத்தை விதிகள் அதனால் வேறு வழியில் போகின்றன: நெருங்கிய உறவினர் பணியாற்றும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்யும் நிலை வந்தால் அலுவலர் அதை வெளிப்படுத்தி, அந்தக் கோப்பை மேலதிகாரியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். உறவு இருப்பது தவறன்று; இருக்கிறது என்று எழுதாமல் விடுவதே தவறாகிறது. தாம் நடுநிலை தவற மாட்டோம் என்று அலுவலர் மனமார நம்பினாலும்கூட விலகத்தான் வேண்டும். ஏனெனில் தோற்றுப்போன ஒப்பந்தக்காரரால் அவர் மனத்துக்குள் புகுந்து பார்க்க முடியாது.

இரகசியத்துக்கும் வெளிப்படைத்தன்மைக்கும் இடையிலான மோதலில் சட்டமே ஓரளவு வழிவிட்டிருக்கிறது. 1923ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியங்கள் சட்டம் வாயைக் கட்டுகிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ, விலக்களிக்கப்பட்ட தகவலாக இருந்தாலும் பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்று எடைபோடும் பொறுப்பைப் பொதுத்தகவல் அலுவலரின் கையில் கொடுக்கிறது. உள்ளிருந்தே முறைகேட்டைச் சொல்ல முனைபவரின் நிலை இதைவிடக் கடினம். தேசிய நெடுஞ்சாலைப் பணிகளில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தம் பெயரை மறைத்து வைக்கக் கேட்டிருந்தும் அது வெளியானது. 2003 நவம்பரில் கயையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அதன்பின் எழுந்த கொந்தளிப்பில்தான், 2004இல், அத்தகைய புகார்களைப் பெற்றுப் பெயரை மறைத்துக் காக்கும் பொறுப்பு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்குத் தரப்பட்டது. ஒரு நிறுவனம் தன் ஊழியரிடம் துணிவை எதிர்பார்ப்பதற்கு முன் அவரைக் காக்கும் வழியை வைத்திருக்க வேண்டும். வைக்காவிட்டால் அங்கே தவறியது நிறுவனத்தின் அறம்.

ஏரிக்கரைக்குத் திரும்புவோம். அந்த ஆட்சியர் கோப்பில் என்ன எழுதலாம்? நீதிமன்ற ஆணை, 2007ஆம் ஆண்டின் சட்டம், நீர்மட்டம் பற்றிய நீர்வளத்துறையின் அறிக்கை ஆகியவற்றைப் பார்வைக் குறிப்புகளாக வைத்து, அகற்றுவது என்ற முடிவை முதலில் பதிகிறார். குடும்பத்துக்கு ஒன்றாக அறிவிப்பு கொடுத்த நாளும், அவர்கள் தரப்பைக் கேட்ட நாளும், அவர்கள் சொன்ன மறுப்பின் சுருக்கமும் அடுத்து வருகின்றன. மறுப்புகளில் எதை ஏற்றார், எதை ஏற்கவில்லை, ஏன் என்பது ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையும் பள்ளித் தேர்வும் முடியும்வரை கெடுவை நீட்டிக்கும்படி நீதிமன்றத்திடம் கேட்ட மனுவின் நகல் இணைக்கப்படுகிறது. மழைக்கு முன்பே அகற்றியாக வேண்டிய, ஏரியின் உபரிநீர் வெளியேறும் கலங்கலை அடைத்து நிற்கும் முப்பது வீடுகளுக்கு முதலில் மாற்று வீடு என்ற பிரிவினையும் அதற்கான அளவுகோலும் தனித்தாளில் இருக்கின்றன. கடைசியாக, மாற்றுக் குடியிருப்பில் இடம் கிடைக்காத குடும்பங்கள் எத்தனை, அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதற்கு ஒரு பத்தி. இந்தப் பத்தியை எழுதும்படி எந்த விதியும் வற்புறுத்தவில்லை. விட்டுவிட்டாலும் தணிக்கையில் எவரும் கேட்கப்போவதில்லை. ஆறு மாதத்தில் அவர் இடமாற்றலாகிப் போனபின், புதிய ஆட்சியரின் மனுநீதி நாள் முகாமுக்கு அந்தக் குடும்பங்களில் ஒன்று மனுவோடு வரும்போது, அது எந்தக் கணக்கில் பாக்கி என்று கண்டுபிடிக்க அலுவலகத்தில் இருக்கப்போவது அந்தப் பத்தி மட்டும்தான்.